பொறுப்பாளர்: அரசமரத்தடி விநாயகர்

மதகு உடைந்து ஆறு பேர் செத்துப்போன அன்றைக்குச் சாயங்காலம், யாரைக் கைது செய்ய வேண்டும் என்று கணினி சொன்ன பெயரைப் பார்த்ததும் மோனிஷாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

திரையில் இப்படி இருந்தது. பொறுப்பாளர்: அரசமரத்தடி விநாயகர். சட்ட நிலை: மைனர். காப்பாளர்: இல்லை. கைது: இயலாது.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். மதகுக்குக் கீழே இறால் கூடை அலசிக்கொண்டிருந்த நாலு பெண்களும், பக்கத்தில் பந்து விளையாடிய இரண்டு பையன்களும் சிரிக்கிற நிலையில் இல்லை. அவர்களைப் பொது மருத்துவமனையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மணலோடைக் குப்பமே அங்கே நின்று மாரில் அடித்துக்கொண்டிருந்தது. 'எவன்டா அவன், பேரச் சொல்லு' என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் என்னவோ தயாராகத்தான் இருந்தது. அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது?

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் பொறுப்புச் சட்டம் வந்தது. பாலம் விழும், பள்ளிக்கூடக் கூரை விழும், விசாரணைக் கமிஷன் உட்காரும், கமிஷன் எழுந்திருப்பதற்குள் செத்தவன் பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்துவிடும். இதைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு வெறுத்துப்போய்த் தெருவில் இறங்கியதில் வந்த சட்டம் அது. அரசாங்கம் கட்டும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரே ஒரு பெயர், இருந்தாக வேண்டும். கான்கிரீட்டுக்குள் உணர்கருவிகள் புதைத்திருக்கும். கட்டியது உடைந்து உயிர் போனால், நீதிமன்றத்தில் இருக்கும் இயந்திரம் அந்த வேலையின் பதிவைத் திறந்து பெயரை எடுக்கும். போலீஸ் போய்க் கூட்டிக்கொண்டு வரும். வாய்தா கிடையாது, மேல்முறையீடு கிடையாது. முதல் வருஷமே மூன்று தலைமைப் பொறியாளர்கள் உள்ளே போனார்கள். ஊரே பட்டாசு வெடித்தது. மோனிஷாவும் ஒரு சரம் வாங்கி வெடித்தவள்தான்.

அப்புறம் வடக்குக் கடற்கரையில் கடற்சுவர்த் திட்டம் வந்தது. கடல் வருஷா வருஷம் மேலேறி வர, குப்பங்களைக் காப்பாற்ற நீளமாக ஒரு சுவர், தண்ணீரை வெளியேற்ற மதகுகள், சுவருக்குப் பின்னால் குப்பத்து ஜனங்களுக்கு அடுக்குமாடி வீடுகள். இத்தனை வேலையையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் வேண்டும் அல்லவா? அதை நிறுவும் வேலை ஒப்பந்த ஊழியர்களான மோனிஷா தலையிலும் சையது தலையிலும் விழுந்தது. மேலே பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். வேலை ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் என்று ஒரு பதிவு, யார் செய்கிறார்கள், எந்த மட்டில் இருக்கிறது, சிவப்பா பச்சையா. அடியில்தான் டேட்டாபேஸ். அதில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் நீதிமன்றத்துக்கும் வேதவாக்கு.

நிறுவிய முதல் நாள், ஏசி ஓடாத நாலாவது மாடி அறையில் மோனிஷா கேட்டாள். "சையது அண்ணா, மொத ஆளா யாரப் போடறது?"

"இதென்ன கேள்வி? பிள்ளையாரப் போடு."

"விளையாடறீங்களா?"

"இருவது வருஷமா நான் போட்ட எந்த டேட்டாபேஸும் அவர் இல்லாம ஆரம்பிச்சதில்ல மோனி. நீ உ போடாம பரீட்சை எழுதுவியா? எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருதான். ஆனா சர்வர் படுத்துக்கிட்டா வாப்பாவா வந்து எழுப்பப் போறாரு?"

அந்தத் தொழிலில் இது ஊரறிந்த பழக்கம். முதல் வரிசையைப் பிள்ளையாருக்கு விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்துதான் மனுஷர்கள் ஆரம்பிப்பார்கள். ஆனால் இந்த மென்பொருள் சும்மா பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. சட்டம் அங்கீகரித்த ஆளின் அடையாள எண் கொடு என்று அடம்பிடித்தது. சையது யோசித்தார். ஆபீஸ் வாசலில் அரசமரத்தடியில் ஒரு சின்னக் கோயில். நாலு சதுர அடி இடம் என்றாலும் அது சாமி பெயரில் பதிவானது, பதிவேட்டில் சாமிக்கு ஓர் எண் உண்டு. நில விவகாரத்துக்காகச் சட்டம் சாமியையும் ஓர் ஆளாகத்தான் வைத்திருக்கிறது. அந்த எண்ணை எடுத்துப் போட்டார். மென்பொருள் வாயை மூடிக்கொண்டது. இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அடுத்து, பழைய துறைகள் அரைகுறையாகக் கட்டிப்போட்டிருந்த வேலைகளை எல்லாம் உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. அதில் ஒன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் இல்லை. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டேட்டாபேஸ் ஏற்காது. மோனிஷா பட்டியலைத் தூக்கிக்கொண்டு திட்ட இயக்குநர் மேகநாதனிடம் போனாள். முகம் நிறையச் சிரிப்பு வைத்திருக்கிற மனுஷர் அவர். யாரையும் கடிந்து பேசமாட்டார், யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவும் மாட்டார்.

"இந்த மென்பொருளுக்குத் திறப்பு விழா திங்கக்கிழமைம்மா. அமைச்சர் பட்டனை அமுக்கறப்ப திரையெல்லாம் சிவப்பா இருந்தா நல்லாவா இருக்கும்? இப்போதைக்கு எதையாவது போட்டு ஏத்து. பேரெல்லாம் நான் வாங்கித் தர்றேன்."

'எதையாவது' என்றால் என்ன? மோனிஷா ஒரு வரி எழுதினாள். பெயர் இல்லாத இடத்தில் தானாக ஒன்றாம் எண்ணை நிரப்பிக்கொள். ஒன்றாம் எண் யார் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதி வைத்தாள். பெயர் கேட்டு மேகநாதனுக்கு எத்தனை தடவை நினைவூட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை. 'பாத்துக்கலாம்மா' என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மதகு உடைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் அவர் அறைக்குள் நுழைந்தபோது அவர் முகத்தில் துக்கமும் இல்லை, பயமும் இல்லை. லாட்டரி விழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், இது என் தப்பு. அந்த வரிய நான்தான் எழுதினேன். மதகு யார் பார்வையில இருந்ததுன்னு சொல்லுங்க, இப்பவே மாத்தறேன்."

"அவசரப்படாதம்மா. உக்காரு. சட்ட அதிகாரிகிட்ட இப்பதான் பேசினேன்." குரலைத் தாழ்த்தினார். "சாமி சட்டத்துக்கு மைனராம். எத்தனை யுகம் ஆனாலும் மைனர்தானாம். மைனரைக் கைது பண்ண முடியாது. காப்பாளர் இருந்தா அவரைப் பிடிக்கலாம், இந்தக் கோயிலுக்கு அப்படி யாரும் இல்ல. மெஷின் ஒண்ணும் பண்ண முடியாம நிக்குது. நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல."

"ஆறு பேர் செத்திருக்காங்க சார்."

"வருத்தமாத்தான் இருக்கு. நிவாரணத்துக்கு எழுதியிருக்கேன். ஆனா பாரு, நீ தெரியாம ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கே."

மோனிஷாவுக்கு மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கி அவர் நெற்றிக்குக் குறி பார்க்கலாம் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் ஆபீசில் பக்தி பெருக்கெடுத்தது பாருங்கள். அரசமரத்தடியில் காலையில் கால் வைக்க இடமில்லை. உதவிப் பொறியாளர் தேங்காய் உடைப்பார், செயற்பொறியாளர் அருகம்புல் சாத்துவார். சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே மேலே வந்து, தன் பெயரில் இருக்கும் ஆபத்தான டிக்கெட்டைத் திறந்து, பொறுப்பாளர் கட்டத்தில் விநாயகரைத் தேர்ந்தெடுப்பார். ஒருவர் தன் வேலையை இன்னொரு மனுஷர் பெயருக்குத் தள்ளினால் வாங்குகிறவரின் கைரேகை வேண்டும்; மைனர் பெயருக்குத் தள்ள அது தேவையில்லை. கொடுக்கிறவர் சம்மதம் போதும். மென்பொருள் அப்படித்தான். மதகுகள் போயின, பம்பு நிலையம் போயிற்று, சுவரின் நாலாம் பகுதி அஸ்திவாரத்தை சுந்தரவடிவேலு என்ற பொறியாளர் தள்ளிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போனார். யோக்கியர்கள் ஒரு பயலும் பாக்கியில்லை.

மோனிஷா திருப்பிப் போடப் பார்த்தாள். 'தற்போதைய பொறுப்பாளரின் சம்மதம் தேவை' என்று திரை மறுத்தது. டேட்டாபேஸின் அடியில் இறங்கி நேரடியாக மாற்றலாம் என்றால், அந்தப் பூட்டின் சாவி நீதிமன்ற இயந்திரத்திடம் இருந்தது. திருட்டுத்தனம் நடக்கக் கூடாது என்று சட்டமே போட்ட பூட்டு அது. மேகநாதனிடம் போய்க் கத்தினாள்.

"சம்மதம்தானே? வாசல்லதான இருக்காரு, கேட்டுட்டு வாம்மா" என்றார் அவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மோனிஷா சாகும்வரை மறக்க மாட்டாள்.

ஐப்பசி பிறந்தது. அடுக்குமாடி வீடுகளில் குப்பத்து ஜனங்களைக் குடியேற்ற ஆரம்பித்தார்கள். மோனிஷாவின் அக்கா கீதாஞ்சலிக்கும் ஒரு வீடு கிடைத்தது. புருஷன் கடலுக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகள். தரைத்தளம், சுவரின் நாலாம் பகுதிக்கு நேர் பின்னால். அக்கா பால் காய்ச்சிய அன்றைக்கு மோனிஷா போய்ப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தாள். நல்ல காற்றோட்டமான வீடு. அடுத்த நாள் ஆபீசில் உட்கார்ந்து நாலாம் பகுதியின் டிக்கெட்டைத் திறந்து பார்த்தாள்.

எச்சரிக்கைகள் குவிந்து கிடந்தன. அஸ்திவாரத்துக்கு அடியில் மணல் அரித்துப் போகிறது, சுவர் கடல் பக்கம் சாய்கிறது என்று உணர்கருவி மணிக்கு மணி கத்திக்கொண்டிருந்தது. எல்லா எச்சரிக்கையும் பொறுப்பாளருக்குத்தான் போகும். பொறுப்பாளர் அரசமரத்தடியில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றைக்கூட யாரும் திறந்து படிக்கவில்லை. அமாவாசை அன்றைக்கு அலை உயரும், கூடவே புயல் சின்னம் இருக்கிறது, சுவர் தாங்காது என்று கடைசி எச்சரிக்கை சொன்னது. அமாவாசைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

'வேலையை நிறுத்து, பகுதியைக் காலி செய்' என்ற சிவப்புப் பட்டனை அவள் அமுக்கினாள். 'பொறுப்பாளர் மட்டுமே நிறுத்தலாம்' என்றது திரை. திரும்பத் திரும்ப அமுக்கினாள். விரல்தான் வலித்தது.

மேகநாதன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கருவி தப்புத் தப்பா சொல்லும்மா. புதன்கிழமை முதல்வர் வந்து சாவி குடுக்கறாரு. இப்ப போய் ஜனங்களைக் காலி பண்ணச் சொன்னா யாரு பதில் சொல்றது? என் பேர்ல அந்த வேலையே இல்ல. நான் எப்படி நிறுத்த?" கையை விரித்தார். விரித்த கை சுத்தமாக, சோப்புப் போட்டுக் கழுவினது போல் இருந்தது.

மோனிஷா ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடினாள். கீதாஞ்சலி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புள்ளைங்களக் கூட்டிக்கினு என் வீட்டுக்கு வந்துரு. நாளைக்குச் செவுரு தாங்காது."

"இன்னாடி சொல்ற? யார் சொன்னா?"

"நான் சொல்றேன். மெஷின் சொல்லுது."

"ஆபீஸ்ல சொன்னாங்களா? மைக்ல சொன்னாங்களா?" கீதாஞ்சலி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "விழாவுல சாவி குடுக்கறதுக்கு முன்ன வூட்ட வுட்டுட்டுப் போனா அலாட்மென்ட் கேன்சல்னு கையெழுத்து வாங்கியிருக்கான்டி. எட்டு வருசம் பிளாட்பாரத்துல தார்ப்பாய் கட்டிக்கினு கெடந்தோமே, அப்ப வந்தியா நீ? உனுக்கு மாடி வீடு. எனுக்கு இப்பதான் கதவுன்னு ஒண்ணு இருக்கு. போடீ."

மற்ற வீடுகளிலும் அதே பதில். கவர்மென்ட் சொல்லட்டும், போகிறோம். தப்பு அவர்கள் மேல் இல்லை. காலி செய் என்று எவனெவனோ சொல்லித்தான் அவர்கள் வாழ்க்கையே தெருவுக்கு வந்தது.

உடைந்த மதகுக்கு முன்னால் செத்தவர்களின் குடும்பங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக வாதாடுகிற வக்கீல் ரெஜினா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழைய தீர்ப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மோனிஷா போய் நின்று, தான் யார், என்ன செய்தோம் என்று ஒளிக்காமல் சொன்னாள். ரெஜினா நிமிர்ந்து பார்த்த பார்வையில் பந்தலே பற்றிக்கொண்டிருக்கும்.

"அந்த மகராசி நீதானா? பேரு இல்லாத இடத்துல சாமியப் போட்ட மேதாவி?"

"நான்தான். அதுக்கு என்னை எப்படி வேணா திட்டுங்க. இப்ப நாலாம் பகுதிய நிறுத்தணும் மேடம். கோர்ட்ல தடை வாங்க முடியாதா?"

"முடியாது. பொறுப்பாளர்னு ஒருத்தர் இருக்கறப்ப வேற எவனும் தலையிடக் கூடாதுன்னு சட்டத்துல எழுதியிருக்கு. தடை வாங்கித் தடை வாங்கிக் கெடுக்கறானுங்கன்னு நாமதான கத்தினோம்? நான் ஊர்வலத்துல முன்னாடி போனவ." ரெஜினா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். "ஒரு வழி இருக்கு. சொல்லவே எனக்கு வாய் வரல."

"சொல்லுங்க."

"மைனருக்குக் காப்பாளர் வரலாம். அந்தக் கோயில்ல தர்மகர்த்தா இடம் காலி. யாரு வேணா விண்ணப்பம் போடலாம், மெஷின் உடனே ஏத்துக்கும். காப்பாளர் ஆனா, சாமி பேர்ல இருக்கற எல்லா வேலையும் அவங்க கைக்கு வரும். நிறுத்தலாம், மாத்தலாம், ஊரையே காலி பண்ண வெக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மதகும் சேந்துதான் வரும். ஆறு உசுரு. உசுருக்கு ரெண்டு வருஷம். நீ நல்லவளா, எதுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன்னு மெஷின் கேக்காது. பேரு இருக்கா, பிடி. அவ்ளோதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நான் உன்னைத் தடுக்கப் போறதில்ல. இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு மனுஷப் பேரு வேணும். மேகநாதன் பேரு கிடைக்கும்னு பாத்தேன். கடைசியில உன் பேருதான் கிடைக்கும்போல. எனக்கே என்னைப் பாத்தா அசிங்கமா இருக்கு."

பன்னிரண்டு வருஷம். மோனிஷாவுக்கு முப்பத்தெட்டு வயது. வெளியே வரும்போது ஐம்பது. பயத்தில் அவளுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. யாருக்காக இதைச் சுமக்க வேண்டும்? தேங்காய் உடைத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போன கும்பலுக்காகவா? அந்த வரியை எழுதச் சொல்லிவிட்டு முகம் நிறையச் சிரிக்கிற அந்த ஆளுக்காகவா? நினைக்க நினைக்கக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்ததும் பயம் எங்கேயோ போய் ஒதுங்கிக்கொண்டது.

ஆபீசில் சையதிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ ஏன் போடணும்? பிள்ளையார உள்ள கொண்டாந்தவன் நான். நான் போடறேன்."

"உங்களுக்கு அறுவது நெருங்குது அண்ணா. அதுவுமில்லாம, சையதுன்னு பேரு வெச்சிருக்கறவர் பிள்ளையாருக்குக் காப்பாளர்னா மெஷின் ஒத்துக்கும். ஆனா ஊர்ல நாலு பேரு அதையே பிடிச்சுக்கிட்டு சண்டை போடுவானுங்க. ஜனங்க காலி பண்றத விட்டுட்டு வேடிக்கை பாப்பாங்க. அந்த வரிய எழுதினது நான்தான? விடுங்க."

சையது நனைந்த வேட்டியைப் போலத் துவண்டு உட்கார்ந்தார். அழுதார்.

மோனிஷா விண்ணப்பத்தில் கைரேகை வைத்தாள். தேநீர் ஆறுவதற்குள் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அவள் வேறு எதையும் யோசிக்காமல் நாலாம் பகுதியைத் திறந்து சிவப்புப் பட்டனை அமுக்கினாள். இந்தத் தடவை திரை மறுக்கவில்லை. கடற்கரை முழுக்கச் சங்கு ஊதியது. ஒலிபெருக்கி, குடியிருப்பு காலி செய்யப்பட வேண்டும், இது அரசு உத்தரவு, ஒதுக்கீடு ரத்தாகாது என்று திரும்பத் திரும்பக் கத்தியது. கடைசி வாக்கியத்தை மோனிஷாதான் சேர்த்தாள். காப்பாளருக்கு அந்த அதிகாரமும் இருந்தது. பேருந்துகள் வந்தன. பிறகு சுவரின் மற்ற பகுதிகள், மதகுகள், பம்பு நிலையம் என்று ஒவ்வொன்றாக எல்லா வேலையையும் நிறுத்தினாள்.

மேகநாதன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன காரியம்மா பண்ணிட்டே! புதன்கிழமை முதல்வர்..."

"தேங்கா ஒடைங்க சார்" என்றாள் மோனிஷா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அக்கா போனில் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். எரிச்சல் பிடித்தவள், சொந்த அக்கா நன்றாயிருந்தால் பொறுக்காதவள், நாசமாய்ப் போவாய் என்றாள். பின்னால் பேருந்தின் இரைச்சலும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன. மோனிஷா காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவு வசையும் காதுக்கு இனித்தது. அந்த அழைப்பு முடிவதற்குள் இரண்டு பெண் காவலர்கள் வந்துவிட்டார்கள். அதில் சின்னவள், "சாப்ட்டியாக்கா? போற வழியில வாங்கித் தர்றோம்" என்று மட்டும் கேட்டாள்.

அமாவாசையன்று காலையில் நாலாம் பகுதி விழுந்தது. தண்ணீர் முதல் மாடி சன்னல் வரைக்கும் ஏறிப் போயிற்று. உள்ளே ஒரு பூனைகூட இல்லை. சிறையில் பொதுத் தொலைக்காட்சியில் மோனிஷா அதைப் பார்த்தாள். அலை வடிந்ததும் மேகநாதன் மழைக்கோட்டோடு தோன்றினார். "உரிய நேரத்தில் கடற்சுவர் ஆணையம் எடுத்த நடவடிக்கையால் உயிர்ச்சேதம் முற்றிலும் தவிர்க்கப்பட்டது" என்றார். அவள் தட்டை விட்டெறிந்ததில் சோறு தொலைக்காட்சி மேல் ஒட்டிக்கொண்டது. அதற்குத் தண்டனையாக, வீட்டார் வந்தால் பார்க்கிற மனுவை மூன்று நாள் நிறுத்திவிட்டார்கள். அக்கா வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள் என்று பிறகுதான் தெரிந்தது.

தை மாதத்தில் மேகநாதன் அவளைப் பார்க்க வந்தார். கையில் டேப்லெட். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"எப்படிம்மா இருக்கே?"

"விஷயத்தச் சொல்லுங்க சார்."

"ஒரு வேலையும் ஓடலம்மா. நீ எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டு வந்துட்டே. உன் கைரேகை இல்லாம ஒரு மூட்டை சிமெண்டு நகரல. உன்னை நீக்கலாம்னு பாத்தோம். தண்டனையில இருக்கறவங்ககிட்டேர்ந்து பொறுப்பைப் பிடுங்கக் கூடாதாம். தப்பிச்சுப் போயிடுவாங்கன்னு அப்படி எழுதியிருக்கான். நீயா மாத்திக் குடுத்தாத்தான் உண்டு."

"குடுக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. "எனக்குத் தெரியும்மா, நீ புரிஞ்சுப்பே. உன் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நானே எழுதறேன்."

"யார் பேர்ல மாத்தணும்? ஆளு இருக்கா?"

"இருக்கு, இருக்கு. எல்லா வேலைக்கும் ஒரே ஆளு, மனசார ஒத்துக்கிட்டாரு." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

புதிய பொறுப்பாளர் என்ற இடத்தில் சையதின் பெயர் இருந்தது.

மோனிஷா அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். "அவருக்குக் கம்ப்யூட்டர்தான சார் தெரியும்? சிமெண்டு எது, சுண்ணாம்பு எதுன்னுகூடத் தெரியாது. அவர் எப்படி..."

"நீ உள்ள வந்ததிலேர்ந்து அவருக்கு மனசு சரியில்ல. நான் பேரு குடுத்தா மோனி சீக்கிரம் வெளிய வந்துடுமான்னு கேட்டாரு. வரும்னு சொன்னோம். வேலையையும் நிரந்தரம் பண்ணித் தர்றதா..."

அவள் மேஜையை ஓங்கி அறைந்த சத்தத்தில் காவலர் எழுந்து நின்றார்.

"செவுத்தக் கட்டினவன் பேரக் கொண்டாங்க சார். அளந்தவன், மணலக் கலந்தவன், பில்லுல கையெழுத்துப் போட்டவன். அவங்க பேரக் கொண்டாங்க, இங்கயே ஒக்காந்து ஒவ்வொண்ணா மாத்தித் தர்றேன். மூணாம் பகுதி யாரு? சொல்லுங்க."

"அது... பழைய இஞ்சினியர் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"அஞ்சாம் பகுதி?"

மேகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒருத்தரும் பேரு குடுக்க மாட்டேங்கறாங்கம்மா. ரெண்டு மாசமா ஆளாளுக்குக் கெஞ்சிப் பாத்துட்டேன். சுந்தரவடிவேலு விருப்ப ஓய்வுல போயிட்டாரு."

"நீங்க குடுங்க. இயக்குநர் நீங்கதான?"

"எனக்குக் குடும்பம் இருக்கும்மா."

அவர் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். "அதக் கட்டின ஒருத்தன்கூட நம்பல. நிக்கும்னு பேரு போட்டுக் குடுக்க ஒருத்தனுக்கும் தெம்பு இல்ல. அது தெரிஞ்சுதான் எங்க அக்காவையும் புள்ளைங்களையும் அதுக்கு அடியில பால் காய்ச்ச வெச்சீங்க. இல்ல சார்?"

மேகநாதன் டேப்லெட்டைப் பையில் போட்டார், பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, அதை இழுத்துக்கொண்டே எழுந்தார்.

"மேலிடத்துல கேட்டா நான் என்னன்னும்மா சொல்றது?"

"பேரு கிடைக்கலன்னு சொல்லுங்க. பேரு கிடைக்காத செவுத்த இடிச்சிட்டு ஒழுங்கா கட்டச் சொல்லுங்க."

அடுத்த மாதமும் அவர் வந்தார். யார் பெயரையாவது கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டு வரும்படி மோனிஷா காவலரை அனுப்பினாள். இல்லை என்று பதில் வந்தது. பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, பாதியில் விட்ட துணிகளைத் துவைக்கப் போனாள்.